லகூனுக்கு ஒரு நல்ல நாள்

மார்ச் 12, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வெள்ளை மாத்திரை. எட்டரைக்கு மஞ்சள் மாத்திரை. இரண்டு இட்லி சாப்பிட்டாள், ஒன்று திரும்பி வந்துவிட்டது. எடை 51.

மருந்தையும் சாப்பாட்டையும் தினம் எழுதி வைக்கச் சொன்னார் சென்னை டாக்டர். யூனியனில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். போர்ட் பிளேரில் முப்பத்தொரு வருடமாகப் படகுத்துறை ஜெட்டி கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் எழுதுகிறவன் நான். பெயர், வயது, போகிற தீவு, திரும்புகிற நேரம். அதற்கு மேல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. என் மனைவி மங்கை படித்துவிடுவாள் என்ற பயமும் இல்லை. என் கையெழுத்து கோழி கிளறின குப்பை, அதைப் படிக்கத் தனியாகப் பரீட்சை எழுதணும் என்பாள்.

அவளிடம் வயிற்றுப் புண் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "என்னவாம்?" என்று கேட்டாள். வாயில் முதலில் வந்த சொல் அதுதான். அண்ணனும் போனில், "பொம்பளைகிட்ட சொல்லிறாத, பாதி உசிரு அதுலயே போயிரும்" என்றார். புண் இல்லை, கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. மூன்று மாதம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நான்கு. ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

மாத்திரைகள் சரியாகப் போயின. மதியம் தயிர்சாதம் நாலு வாய்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "ஏங்க, அந்த லகூனுக்கு நம்ம ஒருதடவகூடப் போனதில்லைல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரையும் சிப்பித்தீவு லகூனுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போட்டு, உள்ளே கடல் இடுப்பளவுக் குளமாக நிற்கிற இடம். மூக்கில் கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும், காலுக்கடியில் மீன் போகும் என்பார்கள். அவர்களுக்கு டிக்கெட் எழுதுவது நான். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து வாழையிலையில் புளியோதரை கட்டிக் கொடுப்பது மங்கை. தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள், எல்லாம் இலையில்தான். அவர்கள் திரும்பி வந்து, "மதினி, நீலமா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு" என்று கையை விரித்துக் காட்டுவார்கள். இவள் அவர்களுடைய உப்புத் துணியை அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளூர்க்காரன் எங்கே போகிறான், நாளைக்குப் போய்க்கொண்டால் ஆயிற்று என்று நானும் இருந்துவிட்டேன்.

"போவோம்" என்றேன். "மே மாசம் மழை வர்றதுக்குள்ள போயிருவோம்."

"வயித்துப் புண்ணு கொஞ்சம் ஆறட்டும்" என்றாள். நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

சூசையைப் பார்த்தேன். தூத்துக்குடிக்காரன், சொந்தப் படகு, லகூனுக்குத் தினமும் ஆள் ஏற்றுகிறவன். விஷயம் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அடுத்த மாசம் ஏழாந்தேதி ஞாயித்துக்கெழம. அன்னைக்குக் காலையில தண்ணி வத்திக் கெடக்கும், கண்ணாடி மாரி தெரியும். வேற ஆள் ஏத்த மாட்டேன். மைனியும் நீங்களும் மட்டும். எனக்கு எத்தன தடவ சோறு போட்டிருக்காவ."

ஏப்ரல் 7 என்று முடிவாயிற்று. மங்கையிடம் சொன்னேன். சிறுபிள்ளை மாதிரி விரலை மடக்கி எத்தனை நாள் என்று எண்ணினாள்.

மார்ச் 20, புதன்

அனுமதிப் பாரம் வாங்கி வந்தேன். ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு இதைத் தள்ளிவிட்டிருக்கிறேன், உட்கார்ந்து முழுசாகப் படித்தது இன்றைக்குத்தான். எட்டாவது கேள்வி: பயணிக்கு நோய் ஏதும் உண்டா? மங்கை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இல்லை" என்று எழுதினேன். எட்டிப் பார்த்து, "வயித்துப் புண்ணு நோயில்லையா?" என்றாள். "அதெல்லாம் நோய்ல சேத்தியா?" என்றேன். வெங்காயம் கண்ணைக் கரித்தது வசதியாகப் போயிற்று.

மார்ச் 24, ஞாயிறு

சூசை கண்ணாடியும் குழாயும் இரண்டு செட் கொடுத்தனுப்பியிருந்தான். கொல்லையில் அண்டாவில் தண்ணீர் நிறைத்து ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை மங்கை மூக்கால் மூச்சு விட்டு, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, "ஐயோ, குருடாயிட்டேன்" என்று கத்தினாள். நான் வாயில் குழாயோடு சிரித்துப் புரையேறி, அண்டாத் தண்ணீர் பாதியைக் குடித்துவிட்டேன். அண்டாத் தண்ணீரில் ஒரு கத்தரிக்காயை முக்கிப் பிடித்து, "இந்தா, அபூர்வ மீன்" என்றேன். ஊதா நிறத்தில் இப்படி ஒரு மீனை யாரும் பார்த்ததில்லை என்று அவளும் சொன்னாள்.

மூன்றாவது தடவை இருபது எண்ணும் வரை முகத்தை எடுக்கவில்லை. குனிந்திருந்த முதுகில் எலும்பு ஒவ்வொன்றும் ஜாக்கெட்டுக்கு மேலே தெரிந்தது.

மார்ச் 28, வியாழன்

எடை 49.

மார்ச் 31, ஞாயிறு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தினம் தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று உண்டு. பஜாரில் தமிழ்க்கடைக்காரர் வருடா வருடம் கொடுப்பது. அதை மங்கை மாட்டுவாள், நான் கிழிப்பேன். கிழிக்கும்போது அவளுடைய ராசிபலனை ரேடியோக்காரன் குரலில் வாசிப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வழக்கம். "சிம்மம்: பகை. யாருகூடடி பகை, பால்காரன்கூடவா? சிம்மம்: வரவு. எங்க, காட்டு பாப்போம்!" அவள் காபியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். வாலிபத்தில் கறுப்புச் சட்டை போட்டவன் நான். ஜாதகம் பார்த்துத்தான் கட்டி வைப்பேன் என்று அடம்பிடித்தது என் அம்மா. அவளுக்காகத் தலையாட்டினேன். அம்மா அந்தப் பொருத்தத்தைப் பதினாலு மாதம்தான் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். நான் கப்பல் பிடித்து அருப்புக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள். மங்கைதான் அன்றிலிருந்து ஒரு அமாவாசை விடாமல் அம்மா படத்துக்குப் படைக்கிறாள். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு சிரத்தை இருக்காது. அதையும் கேலி செய்திருக்கிறேன்.

இன்று காலை, போகிற நாளைப் பார்க்கலாம் என்று தாளைப் புரட்டினேன். ஏப்ரல் 7. கீழே சிறிய எழுத்தில்: சந்திராஷ்டமம் - மகம். மங்கையின் நட்சத்திரம் மகம்.

சந்திரன் எட்டாம் வீட்டில் நின்றால் பயணம் கூடாது, புதுக் காரியம் கூடாது என்பார்கள். எத்தனை பேரைப் பார்த்து இதற்காகச் சிரித்திருக்கிறேன்! சந்திராஷ்டமம் என்று டிக்கெட்டை ரத்து செய்ய வந்தவர்களிடம், "சந்திரனும் இதே படகுலதான் வர்றாரா?" என்று கேட்டவன் நான். சென்னை டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்றால் இதையும் அப்படித்தான் கேட்டிருப்பேன். தாளை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

கடலில் ஏதாவது ஆகிவிட்டால்? இருக்கிற மூன்று மாதத்தையும் நானே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டால்?

ஏப்ரல் 1, திங்கள்

சூசையிடம் ஏழாம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மங்கையிடம், அன்றைக்குக் கவுண்டரில் ஆள் இல்லை, லீவு கிடைக்காது, இருபத்தொன்றாம் தேதி போகலாம் என்றேன்.

சாதாரணமாக எதற்கும் மறுத்துப் பேசாதவள். இன்று விடவில்லை. "ஏழாந்தேதியே போலாங்க. ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க. ஒண்ணும் ஆகாது."

"என்ன ஆகாது? நான் ஆகும்னு சொன்னேனா?"

காலண்டர்ப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தத் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும், அதை மனப்பாடமாக வைத்திருக்கிறவளுக்கு! "நீங்களா?" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரவு மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

லீவு இல்லை என்று சொன்ன பொய்க்காகக் கவுண்டருக்குப் போய் உட்கார்ந்தேன். கடல் அசையவில்லை. இந்த சீசனில் இப்படி ஒரு நாள் வரவில்லை என்று எல்லாப் படகுக்காரனும் சொன்னான். லகூனுக்கு நூற்றுப் பத்தொன்பது பேர் போனார்கள். நூற்றுப் பத்தொன்பது பேரும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு படகாக எண்ணினேன். யாராவது ஒருவர் வழுக்கி விழுந்து கால் பிசகியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் போல. என்ன மனுஷன் நான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. வேப்பம்பூ பச்சடி, பருப்பு வடை, பாயசம் எல்லாம் செய்தாள். உட்கார்ந்து செய்யச் சொன்னேன், கேட்கவில்லை. பரிமாறிக்கொண்டிருக்கும்போது கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

ஆஸ்பத்திரி. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. கண் மஞ்சள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்றைக்குப் போயிருக்க வேண்டியது. வார்டு ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறது. மங்கை அந்தப் பக்கம் திரும்பியே படுக்கவில்லை.

வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். தேன்மொழி ஓசூரிலிருந்து வந்துவிட்டாள். ஒரே மகள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். வார்டு வாசலில் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவி, "அம்மா, புண்ணு இன்னுமா ஆறல?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நடிப்பில் என்னை மிஞ்சிவிட்டாள்.

ஏப்ரல் 27, சனி

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இனி இங்கே செய்ய எதுவும் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். எடை பார்க்க எழுந்து நிற்க முடியவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

தேன்மொழி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

"மே பதினைஞ்சோட படகை நிறுத்திருவாங்க. வர்ற வெள்ளிக்கிழமை வைப்போமா? மூணாந்தேதி. சூசை நம்ம வாசல்லருந்தே நாற்காலியோட தூக்கிட்டுப் போறேங்கிறான். சனிக்கிழமை வேணாம். நாலாந்தேதி ஒனக்குச் சந்திராஷ்டமம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது.

மங்கை காலண்டரைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு மூன்றாம் தேதித் தாளின் மேல் விரலை வைத்தாள். "இதுதாங்க எனக்கு."

எனக்குப் புரியவில்லை. தாளைப் பார்த்தேன். சந்திராஷ்டமம் - ஆயில்யம் என்று இருந்தது.

"நான் மகம் இல்லங்க. ஆயில்யம்."

மெதுவாகச் சொன்னாள், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. பிறந்தது விடியற்காலை. ஆயில்யம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததாம். ஆயில்யத்தில் பிறந்த பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று வந்த வரன் எல்லாம் தட்டிப்போயிற்று. எங்கள் வீட்டிலிருந்து கேட்டபோது அவளுடைய அப்பா ஜோசியரைப் பிடித்து, பிறந்த நேரத்தை மூன்று மணி நேரம் தள்ளி எழுதி வாங்கிவிட்டார். ஆயில்யம் போய் மகம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் அவளுடைய அம்மா காதில் சொன்னாளாம், செத்தாலும் வாயைத் திறக்காதே என்று.

"பதினாலு மாசத்துல உங்கம்மா போயிட்டாங்க. நான் கொன்னுட்டேங்க."

முப்பது வருடம் படைத்த அமாவாசைகள் எல்லாம் எனக்கு அப்போது விளங்கின. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பைத்தியக்காரி, அம்மாவுக்குக் காசநோய்டி" என்றேன். "ஆறு வருசமா இருந்துச்சு. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா ஒட்டிக்கும்னு பயந்து குடுக்க மாட்டாங்கன்னு நாங்கதான் மறைச்சோம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு இருமல் வந்துறக் கூடாதுன்னு அம்மா வாயில கற்கண்ட ஒதுக்கிக்கிட்டு உக்காந்திருந்தா. நீ வந்ததால சாகல. நீ வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் கைவிட்டுட்டார்."

சத்தியமாக உண்மை. அம்மாவின் மானம் என்று இத்தனை வருடம் நானும் வாய் திறக்கவில்லை. அவர்கள் ஒன்றை மறைத்தார்கள், நாங்கள் ஒன்றை மறைத்தோம், நடுவில் இவள் ஒருத்தி சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

மங்கை என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் தட்டினாள். "எனக்காகச் சொல்றீங்க."

"நெசம்டி."

"வயித்துப் புண்ணுன்னு சொன்னவருதானே நீங்க."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சென்னையிலிருந்து வரும் விமானத்திலேயே என் பையிலிருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டாளாம். நான் சொல்லட்டும் என்று இருந்தாளாம்.

"அதுகூடப் பரவால்லங்க" என்றாள். "தெனமும் காலையில நீங்க ராசிபலனக் கேலி பண்ணி வாசிப்பீங்கல்ல. அதக் கேட்டாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது ஓடும். இவ்வளவு படிச்ச மனுசன் நம்பல, அப்ப பொய்யாத்தான் இருக்கும், நான் யாரையும் கொல்லலன்னு நெனச்சுக்குவேன். ஏழாந்தேதி வேணாம்னு சொன்னீங்க பாருங்க. நீங்களே நம்புறீங்கன்னா அப்ப அது உண்மைதானே? அன்னைக்கு அது என் நட்சத்திரம் இல்ல, போலாம்னு சொல்லத்தான் வந்தேன். சொன்னா உங்கம்மாவப் பத்தியும் சொல்லணும். வாய் வரல."

ஒரு நல்ல நாளை, கடல் அசையாமல் கிடந்த அந்த நாளை, அவளுடையதே இல்லாத ஒரு நட்சத்திரத்துக்காக நான் கெடுத்திருக்கிறேன். அதோடு அவள் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே பிடியையும் உருவிவிட்டேன்.

"மூணாந்தேதியே போறோம்" என்றேன். "ஒன் சந்திராஷ்டமத்துலயே போறோம். போய்ட்டு வர்றோம். ஒரு மயிரும் ஆகாது."

ஏப்ரல் 30, செவ்வாய்

"ஒங்களுக்கு என்னப்பா பைத்தியமா? படகுலயே ஏதாவது ஆயிட்டா?" என்று தேன்மொழி கத்தினாள். டாக்டரும் கூடாது என்றுதான் சொன்னார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

மங்கை மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "விடு தேனு, நான் கேட்டது" என்றாள். தேன்மொழி நகவெட்டியை எடுத்து வந்தாள். உட்கார்ந்து அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டாள்.

மே 2, வியாழன்

புளிக்காய்ச்சல் நான் காய்ச்சினேன். மங்கை கட்டிலிலிருந்தே சொன்னாள்: பெருங்காயம் இப்போது, மிளகாய் இப்போது, எண்ணெய் பிரியட்டும், அவசரப்படாதீர்கள். அடி பிடித்துவிட்டது. "வாசனையிலயே தெரியுது" என்று அங்கிருந்தே சொன்னாள்.

ராத்திரி வலி மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன்.

மே 3, வெள்ளி

ஆறரைக்குக் கிளம்புகிறோம்.

மே 4, சனி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

சூசையும் அவன் மச்சினனும் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். "மைனி, மகாராணி மாரி இருக்கிய" என்றான் சூசை. மிதவைச் சட்டை இரண்டு சுற்று வரும்படி தொளதொளவென்று இருந்தது, தேன்மொழி துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிவிட்டாள். அவள் படகுத்துறையிலேயே நின்றுகொண்டாள். தன்னால் பார்க்க முடியாது என்றாள். கடலில் கொஞ்சம் அலை இருந்தது. ஏழாம் தேதிபோல இல்லை.

லகூனுக்குள் போனதும் அலை நின்றுவிட்டது. சூசை படகை மணலை ஒட்டி நிறுத்தினான். நான் முதலில் இறங்கினேன், தண்ணீர் இடுப்பளவு. மங்கையைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அவளைத் தூக்குவதற்கு எனக்கு மூச்சே வாங்கவில்லை, அதுதான் மூச்சை அடைத்தது. கண்ணாடியை மாட்டிவிட்டேன், குழாயைக் கவ்வினாள், ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் சூசையும் பிடித்துக்கொண்டோம். முகத்தை வைத்தாள்.

நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். முப்பத்தொரு வருடம் டிக்கெட் விற்ற இடத்தை நேற்றுத்தான் பார்க்கிறேன். பச்சைக் கிளி நிறத்தில் ஒரு மீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது, அந்தக் கொறிக்கிற சத்தம் காதில் கேட்டது. மஞ்சள் கோடு போட்ட சின்ன மீன்கள் மங்கையின் விரலுக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயின. அவள் அடிக்கடி முகத்தை எடுத்தாள். எடுத்து என்னைப் பார்ப்பாள், மறுபடி வைப்பாள். மூச்சு முட்டுகிறதோ என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். பன்னிரண்டு நிமிடம். உதடு நீலமாகத் தொடங்கியதும் தூக்கிவிட்டோம்.

மணலில் போர்வை சுற்றி உட்கார வைத்தேன். இலையைப் பிரித்தேன். அடிப்பிடித்த புளியோதரை ஒரு வாய் சாப்பிட்டாள். "இத விருந்தாளிக்குக் குடுத்திருந்தா அப்பவே கப்பலேறியிருப்பாங்க" என்றாள்.

திரும்புகிறபோது நடுக்கடலில் என்ஜின் நின்றது. அலை படகைப் பக்கவாட்டில் உருட்டியது. சூசை சட்டையைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் குதித்தான். அவன் மச்சினன் கத்தியை நீட்டினான். என்ஜின் விசிறியில் அறுந்த வலை சுற்றியிருந்தது. வெட்டி எடுத்து மறுபடி ஏற ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மங்கை என் மடியில் தலை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என்ஜின் பிடித்துக்கொண்டது. பதினொன்றரைக்கு ஜெட்டி. தேன்மொழி ஓடி வந்தாள்.

இன்று காலை மங்கை வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தாள். தேன்மொழி கஞ்சி ஊட்டிக்கொண்டே, "என்னென்ன மீன் பாத்தம்மா?" என்று கேட்டாள்.

"மீன யாரு பாத்தா" என்றாள் மங்கை. "நான் உங்கப்பா மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்கயாவது பயப்படுறாரா, எங்கயாவது பயப்படுறாரான்னு. நடுக்கடல்ல என்ஜின் நின்னுச்சுடி தேனு, எனக்கே பயமாயிருச்சு. மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. துளிப் பயம் இல்ல. அப்பத்தான் எனக்கு அந்த மனப்பாரம் விட்டுச்சு."

தேன்மொழிக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மா பிதற்றுகிறாள் என்று நினைத்திருப்பாள். எனக்குப் புரிந்தது.

என்ஜின் நின்ற ஐந்து நிமிடமும் நான் என்ன செய்தேன் என்று எங்காவது எழுதித்தான் ஆகவேண்டும். என் அம்மாவைக் கூப்பிட்டேன். வாயைத் திறக்காமல், உள்ளுக்குள்ளே, "அம்மா, இவ தெரிஞ்சு செய்யல, மன்னிச்சிரு, இவள விட்டுரு, கரையில கொண்டுபோய் விட்டுரு" என்று கெஞ்சினேன். காசநோயும் கற்கண்டும் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. என் அம்மாவைக் கொன்றது மங்கைதான் என்று அந்த ஐந்து நிமிடமும் முழுசாக நம்பினேன். அவள் என் மடியில் படுத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று கஞ்சிக்கு நடுவில், "என்னங்க, ஒண்ணும் பேசாம இருக்கீங்க?" என்றாள்.

"நான் எதுக்குடி பயப்படணும்?" என்றேன். "அதெல்லாம் சுத்தப் பொய்."

தலையாட்டினாள். தேன்மொழி கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். எனக்காக இன்னும் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.